'ஜாத்தி' மரம் நம் காட்டில் ஏன் இல்லை?

மாணவர்களே, மலாய் மொழிப் பாடத்தில் 'அனாக் ஜாத்தி சிலாங்கூர்' என்ற தொடரைப் படித்திருப்பீர்கள். சிலாங்கூர் மண்ணிலேயே பிறந்தவர் என்பது அதன் பொருள். அதே மலாய் மொழியில் தேக்கு மரத்துக்கும் 'ஜாத்தி' என்றுதான் பெயர். பெயரைக் கேட்டால் இந்த மண்ணுக்கே சொந்தமான மரம் என்று தோன்றும். ஆனால் ராசாவிலிருந்து கோலகுபுபாரு வழியாகப் பிரேசர் மலை வரை காட்டுக்குள் நடந்து தேடினாலும், தானாக முளைத்த தேக்கு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. மலேசியாவின் எந்த இயற்கைக் காட்டிலும் தேக்கு கிடையாது.

நமக்கு வடக்கே தாய்லாந்துக் காடுகளில் தேக்கு உண்டு. நமக்குத் தெற்கே ஜாவாத் தீவில் பல நூற்றாண்டுகளாகத் தேக்கு வளர்க்கிறார்கள். நடுவில் இருக்கும் நம்மிடம் மட்டும் ஏன் இல்லை? இங்கே மழைக்குக் குறைவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை. மெராந்தியும் செங்காலும் வானளாவ வளர்கின்றன. அப்படியிருக்க, தேக்குக்கு இங்கே எது இல்லை?

ஒரே சொல்லில் விடை சொல்லலாம்: வறட்சி. மற்ற மரங்கள் அஞ்சும் வறட்சியைத் தேக்கு எதிர்பார்த்து நிற்கிறது. ஏன் என்று தெரிந்துகொண்டால் ஒரு மரம் மட்டுமல்ல, நம் நாட்டின் தட்பவெப்பமும் விளங்கும்.

துளசியின் உறவினர்

தேக்கின் அறிவியல் பெயர் டெக்டோனா கிராண்டிஸ். ஆங்கிலத்தில் 'டீக்' என்கிறார்கள். அது நம்மிடமிருந்து போன சொல்தான். தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் 'தேக்கு' போர்த்துகீசியரின் வாயில் 'தேக்கா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

தீபகற்ப இந்தியா, மியன்மார், தாய்லாந்தின் வட பகுதி, லாவோஸ் ஆகிய இடங்களே இதன் பிறப்பிடம். நல்ல மண்ணில் 30 முதல் 40 மீட்டர் வரை உயரும். ஓர் இலை சாதாரணமாக 30 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சோறு பரிமாறும் அளவுக்கு அகலம். தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இளந்தளிரைக் கையில் வைத்துக் கசக்கினால் மருதாணி இட்டதுபோல் உள்ளங்கை சிவந்துவிடும்.

இந்தப் பெரிய மரத்தின் உறவினர் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கலாம். அதுதான் துளசி. தேக்கை முன்பு வேறு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வளர்ந்த பிறகு துளசி, புதினா, நொச்சி ஆகியவை அடங்கிய குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். சான்று வேண்டுமா? துளசித் தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். வட்டமாக இராது, நான்கு மூலைகள் தட்டுப்படும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். தேக்கின் இளங்கிளையும் அப்படியே நாற்கோண வடிவம். இலைகளும் எதிரெதிர் இணைகள்.

தண்ணீரைக் காக்க இலையைத் துறப்பது

இலை என்பது மரத்தின் சமையலறை. ஒளிச்சேர்க்கை நடக்க வேண்டுமானால் கரியமிலவாயு உள்ளே வர வேண்டும். அதற்காக இலையில் இலைத்துளைகள் திறந்திருக்கின்றன. காற்று உள்ளே வரும் அதே வழியில் நீராவி வெளியே போய்விடுகிறது. இலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நீர் இழப்பு.

போகும் நீரை வேர் ஈடுசெய்ய வேண்டும். வேரிலிருந்து உச்சி வரை மரத்துக்குள் மெல்லிய குழாய்களில் நீர் ஒரே தொடராக நிற்கிறது. மேலே இலைகள் நீரை ஆவியாக்கும்போது, அந்த இழுவிசை கீழே வரை எட்டி, மண்ணிலிருக்கும் நீரை மேலே கொண்டுவருகிறது. நீங்கள் உறிஞ்சு குழலில் தே ஐஸ் குடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குவளையில் பானம் இருக்கும் வரை தொல்லை இல்லை. அடிமட்டத்துக்கு வந்ததும் 'சர்' என்று காற்றும் சேர்ந்து வரும். மண் வறண்ட பிறகும் இலைகள் இழுத்துக்கொண்டே இருந்தால் மரத்தின் குழாய்களுக்குள்ளும் காற்றுக் குமிழ்கள் புகுந்துவிடும். குமிழ் புகுந்த குழாயில் நீர்த்தொடர் அறுந்துபோகும். பல குழாய்கள் இப்படிக் கெட்டால் கிளை காயும். கடைசியில் மரமே சாகும்.

இதைத் தவிர்க்க மரங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிறிய, தடித்த, மெழுகு பூசிய இலைகளை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் சிக்கனமாக வாழ்வது. மற்றொன்று, மழை பெய்யும்போது பெரிய இலைகளால் தாராளமாகச் சமைத்துக்கொண்டு, மழை நின்றதும் கடையையே மூடிவிடுவது. தேக்கு இரண்டாம் வழியைப் பிடித்தது.

இலை உதிர்வது காற்றடித்து விழும் விபத்தன்று. மரம் திட்டமிட்டுச் செய்யும் வேலை. வறட்சி நெருங்கும்போது இலையில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி குறைகிறது; எத்திலீன் வாயுவின் செல்வாக்கு கூடுகிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாகிறது. இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய சத்துகளில் பெரும்பகுதியை மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்து இலை பழுக்கிறது. பிறகு காம்பு கழன்று, அந்த இடம் தக்கைபோல் மூடிக்கொள்கிறது.

தமிழ்நாட்டு, கேரளக் காடுகளில் தேக்கு ஏறத்தாழ நவம்பரில் இலை உதிர்க்கத் தொடங்கும். கோடையில் மொட்டையாக நிற்கும். முதல் மழைத்துளிகள் விழும் காலத்தில் துளிர்க்கும். மழைக்காலத்தின் நடுவே சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் பெரிய கொத்துகளாக மலரும். ஆற்றங்கரையில் ஈரத்தில் நிற்கும் தேக்கு, மேட்டில் நிற்கும் தேக்கைவிடத் தாமதமாக இலை உதிர்க்கும். மண்ணின் ஈரத்தை மரம் கணக்கில் வைத்திருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

ரப்பர் மரமும் உதிர்க்கிறதே!

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். "நம் ரப்பர் மரமும் ஆண்டுதோறும் இலை உதிர்க்கிறதே, அது மட்டும் எப்படி இங்கே வாழ்கிறது?"

நல்ல கேள்வி. ரப்பர் மரம் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டைச் சேர்ந்தது. இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை மழை சற்றுக் குறையும்போது அதன் இலைகள் சிவந்து பழுத்து உதிரும். அப்போது தோட்டத்தின் தரை முழுவதும் சருகு. பாலும் குறையும். உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள் என்றால், அந்த மாதங்களில் வருமானம் எப்படிச் சுருங்கியது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரம் தன் சேமிப்பை எடுத்துப் புது இலைகளைக் கட்டுகிறது. அதனால் பாலுக்குச் செலவிட மிச்சம் இல்லை.

ஆனால் ரப்பர் மரம் சில வாரங்களில் மீண்டும் துளிர்த்துவிடும். தேக்கு பல மாதங்கள் வெறுமையாக நிற்கப் பழகியது. இன்னொரு வேறுபாடு முக்கியமானது: தோட்டத்து ரப்பருக்குப் போட்டியே இல்லை. மனிதர் காட்டை அழித்து, களை பிடுங்கி, உரமிட்டு அதை வளர்த்தார்கள். காட்டில் தனியாகப் பிழைக்க வேண்டுமானால் கதையே வேறு.

எவ்வளவு மழை என்பதைவிட எப்போது மழை

தேக்குக்கு மழை வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 முதல் 2500 மில்லிமீட்டர் வரை மழை கிடைத்தால் நன்றாக வளரும். சிலாங்கூரின் பல இடங்களில் பெய்வதும் ஏறத்தாழ இந்த அளவுதான்; மலையடிவாரத்தில் இன்னும் அதிகம். எனவே வேறுபாடு மொத்த அளவில் இல்லை. மழை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது. தரமான தேக்குக்கு ஆண்டில் 3 முதல் 5 மாதங்கள் தெளிவான வறட்சி வேண்டும். நமக்கோ ஏப்ரலில் ஒருமுறையும் அக்டோபர், நவம்பரில் ஒருமுறையும் மழை வலுக்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அது முற்றாக நிற்பதில்லை.

வறட்சியே இல்லாத காட்டில் ஒரு மரம் சில மாதம் இலையின்றி நின்றால் என்ன ஆகும்? அது கடையை மூடியிருக்கும் நேரத்தில் பக்கத்திலுள்ள பசுமைமாறா மரங்கள் வியாபாரத்தைத் தொடர்கின்றன. அவை வளர்ந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். தேக்கோ வெளிச்சத்துக்கு ஏங்கும் மரம். அதன் கன்று நிழலில் பிழைக்காது. மழைக்காட்டின் இருண்ட தரையில் தேக்கு விதை விழுந்தால் அதன் வாழ்வு அங்கேயே முடிந்துவிடும்.

வறண்ட காட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே கோடையில் தரைத்தீ பரவும். மற்றக் கன்றுகள் கருகும். தேக்குக் கன்றின் தண்டும் கருகும். ஆனால் தடித்த ஆணிவேரில் சேமித்த உணவு தப்பிவிடும். அடுத்த மழையில் அது மீண்டும் துளிர்க்கும். வறட்சியும் தீயும் தேக்கின் போட்டியாளர்களை விலக்கிவிடுகின்றன.

மண்ணும் ஒரு காரணம். வடிகால் உள்ள, சுண்ணாம்புச் சத்து நிறைந்த, அமிலத்தன்மை குறைந்த மண்ணே தேக்குக்குப் பிடிக்கும். அதன் இலைச் சருகில் கால்சியம் மிகுதி. உதிர்க்கும் முன் மற்றச் சத்துகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மரத்தால் கால்சியத்தை அப்படி எடுக்க முடிவதில்லை. சருகோடு மண்ணுக்கே போய்விடும். கோலசிலாங்கூர் கடலோரத்தின் களிமண்ணோ நீர் தேங்கும் இயல்புடையது. தோட்டங்களில் வெட்டியிருக்கும் வாய்க்கால்களைப் பாருங்கள். செம்பனைக்கே வடிகால் வெட்ட வேண்டியிருக்கிறது. கரிமண் நிலமோ கடும் அமிலம்.

மலேசியத் தீபகற்பத்தில் தேக்கின் குணத்துக்கு நெருங்கி வருவது பெர்லிஸ். ஆண்டின் தொடக்கத்தில் அங்கே மழை நன்றாகவே குறைகிறது. சுண்ணாம்புக் குன்றுகளும் உண்டு. நாட்டின் மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 பாகை செல்சியஸ் 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸின் சூப்பிங்கில்தான் பதிவானது. அந்த மாநிலத்தின் மாத்தா ஆயர் பகுதியில் மனிதர் நட்ட தேக்குத் தோட்டம் இருப்பது தற்செயல் அல்ல.

மரத்துக்குள் ஒரு நாட்குறிப்பு

தேக்கின் வெட்டுமுகத்தில் வளையங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். மழை தொடங்கி இலை துளிர்க்கும்போது மரத்துக்கு அவசரமாக நிறைய நீர் வேண்டும். எனவே பெரிய துளைகள் கொண்ட கட்டையைக் கட்டுகிறது. பருவம் போகப் போகத் துளைகள் சிறுத்து, கட்டை அடர்த்தியாகும். வறட்சியில் வளர்ச்சி நின்றுவிடும். அடுத்த மழையில் மீண்டும் பெரிய துளைகள். இப்படி ஆண்டுக்கு ஒரு வளையம். நல்ல மழை ஆண்டில் வளையம் அகலம். மழை பொய்த்த ஆண்டில் ஒடுக்கம். நம் மெராந்தி போன்ற மழைக்காட்டு மரங்கள் ஆண்டு முழுவதும் வளர்வதால் அவற்றில் இத்தனை தெளிவான ஆண்டு வளையங்கள் இல்லை.

பெர்லாகே என்ற டச்சு ஆய்வாளர் ஜாவாத் தேக்கின் வளையங்களை அளந்து, 1514 முதல் 1929 வரையான பதிவை 1931இல் வெளியிட்டார். தென்னிந்தியத் தேக்கு வளையங்களைக் கொண்டு இந்திய ஆய்வாளர்கள் 523 ஆண்டுப் பதிவு ஒன்றை உருவாக்கி 2010இல் வெளியிட்டார்கள். ஒடுங்கிய வளையங்கள் பல, பருவமழை பொய்த்த ஆண்டுகளோடும் எல் நினோ ஆண்டுகளோடும் ஒத்துப்போயின.

எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. அப்போது நம் பக்கம் மழை குறைகிறது. 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாதுப் பஞ்சத்தின்போதும் வலுவான எல் நினோ ஒன்று நிலவியது. இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள், பசி துரத்த ஊரைவிட்டுக் கிளம்பிய பலர் கப்பலேறிக் கடல் கடந்தார்கள். அதே 1877ஆம் ஆண்டில்தான் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் அங்கிருந்து கோலகங்சாருக்கும் வந்தன. பின்னாளில் அந்த மரமும் நம் மக்களும் ஒரே தோட்டத்தில் சேர்ந்தது நம் வரலாறு.

இது பழங்கதை மட்டுமல்ல. 2014இல் சிலாங்கூரில் மழை பொய்த்து, கோலகுபுபாரு அருகேயுள்ள சுங்கை சிலாங்கூர் அணையின் நீர்மட்டம் இறங்கி, வீடுகளுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அப்படியொரு வறட்சி எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்? அதைவிடக் கடுமையானது வருமா? மழைமானிகளின் பதிவு நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போவதில்லை. அதற்கு முந்தைய வறட்சிகளை அறிய விஞ்ஞானிகளுக்கு உதவும் சாட்சிகளில் அண்டை நாட்டுத் தேக்கும் ஒன்று.

தேக்குக்குள் ரப்பர்

தேக்கின் பெருமை அதன் உழைப்பில் இருக்கிறது. கறையான் எளிதில் தொடாது. பூஞ்சை எளிதில் பிடிக்காது. வெயிலிலும் மழையிலும் அதிகம் சுருங்காது, முறுக்காது.

காரணம் மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில் உள்ள வேதிப்பொருள்கள். டெக்டோகுவினோன் என்ற பொருள் கறையானுக்கு ஆகாது. எண்ணெய்ப் பசை நீரை விலக்குகிறது. இன்னொரு பொருளைக் கேட்டால் வியப்பீர்கள்: தேக்கின் கட்டையில் சிறிதளவு இயற்கை ரப்பர் இருக்கிறது! நீர் உள்ளே புகாமல் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கூடவே சிலிக்கா என்ற மணல் பொருளும் இருப்பதால் அறுக்கும் ரம்பம் விரைவில் மழுங்கும்.

இப்போது ரப்பர் மரத்தைப் பாருங்கள். அதன் பால் ஓடுவது பட்டையில். கட்டையில் இருப்பது மாவுச்சத்து. அது பூச்சிகளுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. வெட்டிப் போட்டால் சில நாட்களிலேயே நீலம் பூத்துவிடும். அதனால் முன்பு பால் வற்றிய மரங்கள் பெரும்பாலும் விறகாகவே போயின. பிறகு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. 1980களுக்குப் பின் மலேசிய மேசை நாற்காலி ஏற்றுமதிக்கு ரப்பர்க் கட்டையே முதுகெலும்பாக நின்றது. தேக்கு தன் மருந்தைத் தானே செய்துகொள்கிறது. ரப்பர்க் கட்டைக்கு மனிதர் மருந்து போடுகிறார்கள்.

தேக்கின் இந்தக் குணமே அதற்கு வினையானது. ஐரோப்பியரின் ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கு அரிக்காது. ஓக் பற்றாக்குறையான காலத்தில் பிரிட்டன் தன் போர்க்கப்பல்கள் சிலவற்றைப் பம்பாயில் தேக்கால் கட்டியது. அவற்றில் ஒன்றுக்குத் 'திருகோணமலை' என்றே பெயர். 1817இல் கடலில் இறக்கப்பட்ட அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. மியன்மாரின் மண்டலே அருகே சுமார் 1850இல் கட்டிய ஊ பெய்ன் தேக்குப் பாலம் 1.2 கிலோமீட்டர் நீளம். மக்கள் இன்றும் அதில் நடக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு.

முளைக்க மறுத்த விதை

கப்பலுக்காக வெட்டி வெட்டி மலபார்க் காடுகள் மெலிந்தன. 1840களில் மலபார் ஆட்சியராக இருந்த கொனொலி, நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க முனைந்தார். எளிய வேலை என்று தோன்றும். ஆனால் விதை முளைக்கவில்லை. பல முறைகளில் முயன்று தோற்ற பிறகே, சாத்து மேனன் என்ற வனத்துறை அலுவலரின் உழைப்பால் தோட்டம் எழுந்தது. அதன் ஒரு பகுதி 'கொனொலித் தோட்டம்' என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் அதுதான்.

விதை ஏன் முளைக்க மறுத்தது? தேக்கின் விதை கல்போன்ற ஓட்டுக்குள் இருக்கிறது. கோடையில் எதிர்பாராத ஒரு தூறல் விழுந்தவுடனே முளைத்தால், அடுத்த வாரமே கன்று கருகிவிடும். எனவே நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைந்து ஓடு தளர்ந்த பிறகே விதை நம்பி வெளியே வரும். சில விதைகள் ஓர் ஆண்டுக்கு மேலும் காத்திருக்கும். இந்த இரகசியம் தெரிந்தவர்கள் விதையை இரவில் நீரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் உலர்த்துவார்கள். இப்படிப் பல நாள் செய்து போலி மழைக்காலத்தையும் போலிக் கோடையையும் காட்டி விதையை ஏமாற்றுவார்கள்.

நடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓராண்டுக் கன்றைப் பிடுங்கி, தண்டை விரலளவுக்கும் குறைவாக நறுக்கி, வேரைக் கத்தரித்து, வெறும் குச்சிபோல் நடுவார்கள். அது துளிர்க்கும். தீயில் கருகிய பின் கன்றைக் காப்பாற்றிய அதே ஆணிவேர்ச் சேமிப்புதான் இங்கேயும் உதவுகிறது.

கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலையில் டாப்சிலிப் என்ற இடம் இருக்கிறது. வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் அது. அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த ஹியூகோ வுட், காட்டை மொட்டையடிக்காமல், வெட்டிய அடிமரத்தைத் துளிர்க்கவிடும் முறையைக் கொண்டுவந்தார். புதிதாகவும் நடச் செய்தார். அவருடைய கல்லறை அந்தத் தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அருகில் பரம்பிக்குளத்தில் 'கன்னிமாரா தேக்கு' என்ற முதுமரம் நிற்கிறது. சுமார் 40 மீட்டர் உயரம், அடிச்சுற்று ஏறத்தாழ 7 மீட்டர். கைகோத்து வளைக்க நான்கைந்து பேராவது வேண்டும்.

இளமரத்தின் கணக்கு

இன்று தேக்கு உலகின் பல வெப்ப நாடுகளில் தோட்டப் பயிர். ஆனால் இயற்கைக் காட்டுத் தேக்கு அருகிவருகிறது. 1988 இறுதியில் தென் தாய்லாந்தில் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றபின், 1989 ஜனவரியில் அந்நாடு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. மியன்மார் 2014 ஏப்ரலில் அறுக்காத மர ஏற்றுமதியை நிறுத்தியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் தேக்கு இப்போது அழிவாபத்தில் உள்ள இனம்.

"தோட்டத்தில் வேகமாக வளர்த்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்கலாம். 1990களில் தமிழ்நாட்டில் அப்படி ஆசை காட்டிப் பணம் திரட்டிய தேக்குத் திட்டங்கள் பல சரிந்தன. எளிய குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்தக் குடும்பங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு உதவியிருக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

மரத்தில் நீடித்து உழைப்பது வைரம். சுற்றியுள்ள வெளிர்நிற வெளிக்கட்டையைக் கறையான் தின்னும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் இளமரத்தில் வெளிக்கட்டை 3 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். வைரத்தின் விட்டம் 14 சென்டிமீட்டர். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எனவே வைரத்தின் பங்கு 14×14ஐ 20×20ஆல் வகுத்தால் கிடைக்கும். விடை 49 விழுக்காடு. அதே 3 சென்டிமீட்டர் வெளிக்கட்டை 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள முதுமரத்தில் இருந்தால், 54×54ஐ 60×60ஆல் வகுக்க வேண்டும். விடை 81 விழுக்காடு. இளமரத்தில் பாதிக்கு மேல் வெளிக்கட்டை. முதுமரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைரம். இந்தியாவில் பழைய தேக்குத் தோட்டங்களை வெட்ட 50 முதல் 80 ஆண்டுகள் காத்திருந்தது இதனால்தான்.

செய்து பாருங்கள்

1. வரும் ஜனவரி முதல் மார்ச் வரை, பள்ளிக்கோ வீட்டுக்கோ அருகிலுள்ள ஒரு ரப்பர் மரத்தை வாரம் ஒருமுறை படம் எடுங்கள். முதல் இலை பழுத்த நாள், மொட்டையான நாள், புதிதாகத் துளிர்த்த நாள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். அந்த வாரங்களின் மழை நாள்களையும் பக்கத்தில் எழுதுங்கள்.

2. ஒரு கிளையில் இரண்டு இலைகளை ஒளி புகும் நெகிழிப் பைகளால் மூடிக் கட்டுங்கள். ஒன்று பெரிய இலை, மற்றது சிறிய இலை. சில மணி நேரம் கழித்து எந்தப் பையில் அதிக நீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

3. மரக் கடையில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தேக்கு, மெராந்தி, ரப்பர்க் கட்டை ஆகியவற்றின் வெட்டுமுகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். எதில் வளையம் தெளிவாகத் தெரிகிறது? ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர் விட்டு, எது தாமதமாக உறிஞ்சுகிறது என்று குறியுங்கள்.

தேக்கு இங்கே இல்லாதது நம் காட்டுக்கு ஒரு குறையன்று. நம் மழைக்காட்டின் செங்கால், கறையானை எதிர்ப்பதில் தேக்குக்குச் சளைத்ததல்ல. ஆனால் அதுவும் நிழலில் மெதுவாக வளர்ந்து, வெட்டியதால் அருகிவரும் மரமே. வறண்ட காட்டுக்கு இலை உதிர்க்கும் தேக்கு. ஈரக் காட்டுக்கு இலை உதிர்க்காத செங்கால். எந்த மரத்தை எங்கே நடலாம் என்று யாராவது கேட்டால், முதலில் அந்த ஊரின் மழைக் கணக்கைக் கேளுங்கள். மொத்த மழையை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், மழை பெய்யாத மாதங்கள் எத்தனை என்றும் கேளுங்கள்.